இந்தியாவும் இலங்கையும்: மகப்பேறு இறப்பு விகிதத்தைக் காலவரிசையில் ஒப்பிடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ ஒரே காலத்தில் விடுதலை பெற்ற இரண்டு அண்டை நாடுகள், கர்ப்பிணிகளின் உயிரைக் காப்பதில் மிகவும் வேறுபட்ட வேகத்தில் முன்னேறியுள்ளன. அந்த வேறுபாட்டை எண்களால் அளக்க முடியும். ஆனால் அந்த எண்கள் எப்படித் திரட்டப்படுகின்றன என்பதை அறியாமல் அவற்றை அருகருகே வைத்தால் தவறான முடிவுக்கே வருவோம். இப்பக்கத்தில் உள்ள விடைகள் இரண்டையும் சேர்த்தே பேசுகின்றன.

எந்த இறப்பை மகப்பேறு இறப்பு என்று கணக்கிடுகிறார்கள்?

கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறந்து, அந்த இறப்புக்குக் கர்ப்பமோ, கர்ப்பத்தால் தீவிரமடைந்த வேறொரு நோயோ, கர்ப்பகாலத்தில் அளிக்கப்பட்ட சிகிச்சையோ காரணமாக இருந்தால் அது மகப்பேறு இறப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. கர்ப்பம் முடிவது என்பதில் பிரசவம், கருச்சிதைவு, கருக்கலைப்பு ஆகிய மூன்றும் அடங்கும். கர்ப்பிணி ஒருவர் சாலை விபத்தில் இறந்தால் அது இக்கணக்கில் வராது. இதய வால்வு நோயுள்ள ஒரு பெண் கர்ப்பத்தின் சுமையைத் தாங்க இயலாமல் இறந்தால் அது வரும்.

கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இவ்வரையறையை நடைமுறையில் பின்பற்றுவது கடினம். கருத்தரித்த மூன்றாம் மாதத்தில், கர்ப்பம் வீட்டாருக்கே தெரியாத நிலையில் இறக்கும் பெண்ணும், பிரசவம் முடிந்து ஐந்து வாரம் கழித்துத் தாய்வீட்டில் காய்ச்சலால் இறக்கும் பெண்ணும் கணக்கிலிருந்து எளிதில் நழுவிவிடுகிறார்கள். இறப்புச் சான்றிதழில் "இரத்தச்சோகை" என்றோ "மாரடைப்பு" என்றோ மட்டும் எழுதப்பட்டால், அவர் ஒரு தாய் என்ற செய்தியே அங்கே இருக்காது.

விகிதம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

ஓராண்டில் நேர்ந்த மகப்பேறு இறப்புகளின் எண்ணிக்கையை, அவ்வாண்டில் உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்குகிறார்கள். கர்ப்பங்களின் எண்ணிக்கையால் வகுப்பதே பொருத்தமாகத் தோன்றும். ஆனால் எந்த நாட்டிலும் எல்லாக் கர்ப்பங்களும் பதிவாவதில்லை. பிறப்புகள் ஓரளவு முழுமையாகப் பதிவாகின்றன. ஆகவே இந்த ஏற்பாடு.

இதோடு வேறொரு அளவும் புழக்கத்தில் இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களையும் வகுஎண்ணாகக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. பெண்கள் குறைவாகக் குழந்தை பெற்றாலே அந்த அளவு இறங்கிவிடும். ஒவ்வொரு பிரசவமும் முன்பைவிடப் பாதுகாப்பாகிவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. இரண்டு நாடுகளுக்கான அட்டவணைகள் கையில் கிடைத்தால், வகுஎண் எது என்பதை முதலில் பாருங்கள்.

இரு நாடுகளும் எங்கே தொடங்கி, எங்கே வந்து நிற்கின்றன?

சர் ஜோசப் போர் (Bhore) தலைமையில் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறப்பதாக மதிப்பிட்டது. அதாவது ஒரு லட்சத்துக்கு 2,000. இலங்கையிலும் 1930-களில் நிலைமை ஏறத்தாழ இதுவே. மலேரியாக் கொள்ளைநோய் தாக்கிய 1935-இல் விகிதம் அதைவிடவும் உயர்ந்தது. தொடக்கப் புள்ளி இரு நாடுகளுக்கும் ஒன்றே என்று சொல்லலாம்.

ஐ.நா. அமைப்புகள் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020-இல் இந்தியாவின் விகிதம் 103, இலங்கையின் விகிதம் 29. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.4 கோடிக் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொண்டால், அவ்வாண்டில் ஏறத்தாழ 24,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள். இலங்கையின் விகிதம் இந்தியாவிலும் நிலவியிருந்தால் அந்த எண்ணிக்கை 7,000-ஐ ஒட்டி நின்றிருக்கும். ஒரே ஆண்டில் காப்பாற்றியிருக்கக்கூடிய 17,000 உயிர்கள் இந்த வேறுபாட்டுக்குள் இருக்கின்றன. இந்த ஒப்பீட்டை வெறும் கல்விப்பயிற்சி என்று கருத என்னால் முடியாததற்குக் காரணம் இதுவே.

இந்தியாவின் எண் எங்கிருந்து வருகிறது?

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவு முறையிலிருந்து வருகிறது. நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமங்களிலும் நகர்ப்புறப் பகுதிகளிலும் வாழும் சுமார் 80 லட்சம் மக்களிடையே நேரும் பிறப்பையும் இறப்பையும் உள்ளூரிலேயே ஒருவர் தொடர்ந்து பதிவு செய்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு பணியாளர் தனியாக வந்து கணக்கெடுப்பார். இரண்டையும் ஒப்பிட்டு விடுபட்டவற்றைச் சேர்ப்பார்கள். இனப்பெருக்க வயதில் ஒரு பெண் இறந்திருந்தால், அவருடைய குடும்பத்தாரிடம் நோயின் அறிகுறிகளையும் இறுதி நாட்களையும் விரிவாகக் கேட்டறிந்து, இறப்புக்கான காரணத்தை மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

80 லட்சம் பேர் என்பது பெரிய மாதிரிதான். இருப்பினும் மகப்பேறு இறப்பு அரிதான நிகழ்வு என்பதால் ஓராண்டுத் தரவு போதுவதில்லை. மூன்றாண்டுத் தரவைச் சேர்த்தே விகிதம் வெளியிடப்படுகிறது. "2018–20-க்கான 97" என்ற எண்ணை ஏறக்குறைய 2019-க்குரியதாகக் கொள்ள வேண்டுமே தவிர, 2020-இன் நிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இலங்கையின் எண்?

இலங்கையில் மாதிரியெடுப்பு இல்லை. ஒவ்வொரு இறப்பும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. பிறப்பு இறப்புப் பதிவு அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சட்டப்படி நிலைபெற்றுவிட்டது. அதற்கு மேலாக, மகப்பேறு இறப்பு எங்கே நேர்ந்தாலும் அதை அறிவிப்பதும், மருத்துவமனையிலும் களத்திலும் விசாரிப்பதும் கட்டாயம். அத்தகவல்கள் கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்தைச் சென்றடைகின்றன. அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கர்ப்பகாலத்தில் வந்துபோன மருத்துவ மாது (பேறுகாலப் பணியில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்), பிரசவம் பார்த்த மருத்துவர்கள், மாவட்ட அதிகாரிகள் எல்லோரும் அமர்ந்து, எங்கே தவறியது என்று பேசுகிறார்கள்.

2020-ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் பிறப்புகளும் நூற்றுக்குக் குறைவான மகப்பேறு இறப்புகளும் இருந்த நாட்டில் இது இயலும். 24,000 இறப்புகள் நேர்ந்த நாட்டில் ஒவ்வொன்றையும் இவ்வாறு விசாரிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயலாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு 1994 முதல் எல்லா மகப்பேறு இறப்புகளையும் பதிவு செய்து தணிக்கை செய்துவருகிறது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல், பெயர் வெளியிடாமலும் பழி சுமத்தாமலும் ஒவ்வொரு இறப்பையும் ஆராய்கிறது.

ஒரே நாட்டுக்கு, ஒரே ஆண்டுக்கு, இடத்துக்கு இடம் வேறு எண் காணப்படுவது ஏன்?

நாடுகள் தாமே வெளியிடும் எண் ஒன்று, ஐ.நா. அமைப்புகள் வெளியிடும் மதிப்பீடு மற்றொன்று. உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், ஐ.நா. மக்கள்தொகை நிதியம், உலக வங்கி, ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு ஆகியவை இணைந்து, எல்லா நாடுகளின் தரவையும் ஒரே புள்ளியியல் கணக்கீட்டு முறையில் இட்டு, விடுபட்ட இறப்புகளுக்கும் தவறாக வகைப்படுத்தப்பட்டவற்றுக்கும் திருத்தம் செய்து அந்த மதிப்பீட்டைத் தயாரிக்கின்றன. நாடுகளை ஒப்பிட அதுவே ஏற்றது.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு, அதில் சிக்காதவர்கள் குறைவு. ஒவ்வொரு பதிப்பிலும் முந்தைய ஆண்டுகளுக்கான எண்களும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டு இந்தியாவின் விகிதம் 2019-இல் வெளிவந்த பதிப்பில் 370; 2023-இல் வெளிவந்த பதிப்பில் 384. அந்த ஆண்டில் இறந்தவர்களின் எண்ணிக்கை மாறிவிடவில்லை. புதிய தரவு கிடைத்ததும் மதிப்பீடு திருந்தியது, அவ்வளவுதான். பழைய பதிப்பிலிருந்து ஒரு எண்ணையும் புதிய பதிப்பிலிருந்து ஒரு எண்ணையும் எடுத்து, "இத்தனை விழுக்காடு குறைந்தது" என்று எழுதினால், அந்தக் குறைவில் ஒரு பகுதி கணக்கு முறையின் மாற்றமாகவே இருக்கும். காலவரிசை ஒப்பீட்டுக்கு முதல் ஆண்டும் இறுதி ஆண்டும் ஒரே பதிப்பிலிருந்து வர வேண்டும். நாளேடுகளின் தலைப்புச் செய்திகளில் இந்த விதி அடிக்கடி மீறப்படுகிறது.

இலங்கை இவ்வளவு முன்பே எவ்வாறு குறைத்தது?

இக்கேள்விக்கு விரிவாக விடை சொல்வது அவசியம், ஏனெனில் "சிறிய நாடு, அதனால் எளிது" என்ற பதில் பாதி உண்மையே.

கொழும்பில் டி சொய்சா மகப்பேறு மருத்துவமனை 1879-இலேயே திறக்கப்பட்டது. 1926-இல் களுத்துறையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. அதன் கருத்து எளிமையானது: வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பு, அதில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுப்பான ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற மருத்துவ மாதர்கள். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கர்ப்பிணியைத் தேடிச் சென்று பதிவு செய்யும் வழக்கம் அங்கிருந்து தீவு முழுவதும் பரவியது. இன்றும் ஒரு மருத்துவ மாது சுமார் 3,000 முதல் 5,000 மக்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார். தம் எல்லைக்குள் யார் கருவுற்றிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

1931-இல் டொனமூர் அரசியலமைப்பு பெண்கள் உட்பட எல்லோருக்கும் வாக்குரிமை அளித்தது. அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தம் தொகுதிக்கு மருத்துவமனையும் பள்ளியும் கேட்டு வாங்க வேண்டியவர்கள் ஆனார்கள். 1945-இல் இலவசக் கல்வி வந்தது. 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே இலங்கைப் பெண்களில் 43.8 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். 1951-இல் இந்தியப் பெண்களில் அந்த நிலையில் இருந்தவர்கள் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மருத்துவ மாது சொல்வதைப் புரிந்துகொண்டு, வீட்டாரிடம் எடுத்துச் சொல்லி, ஆபத்தின் அறிகுறி தெரிந்ததும் வண்டி பிடிக்கச் சொல்லும் துணிவு ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், இந்த இரண்டு எண்களின் இடைவெளி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

1946 முதல் டி.டி.டி. என்ற கொசுக்கொல்லி தெளிக்கப்பட்டு மலேரியா சரிந்தது. மலேரியா கர்ப்பிணிகளைக் கடுமையான இரத்தச்சோகைக்கு ஆளாக்குவதால், அதன் சரிவு தாய்மார்களின் உயிரை நேரடியாகக் காத்தது. சல்ஃபா மருந்துகளும் பின்னர் பென்சிலினும் பிரசவத்துக்குப் பிந்தைய தொற்றை அடக்கின. 1940-களின் பிற்பகுதியில் ஆயிரத்துக்கு மேல் இருந்த விகிதம், 1950-களின் முற்பகுதியில் சுமார் ஐந்நூறாக இறங்கியது. அதன்பிறகும் 6 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தது. இந்தச் சரிவின் பெரும்பகுதி நடந்தபோது இலங்கை செல்வந்த நாடாக இருக்கவில்லை. கட்டணமில்லாத அரசு மருத்துவமனைகளே அதைத் தாங்கின.

சமமாக எல்லோரையும் அது எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் மருத்துவ ஏற்பாட்டையே நம்பியிருந்தார்கள். தேசிய சுகாதார அமைப்பின் பலன் அவர்களுக்குத் தாமதமாகவே கிடைத்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சேவையும் பதிவும் ஒருங்கே சிதைந்தன. அந்த ஆண்டுகளின் தேசிய எண்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

அதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது?

போர் குழு பரிந்துரைத்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1950-கள் முதல் திறக்கப்பட்டன. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தாய் சேய் நலம் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளுக்கு அடுத்த இடத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. கிராமத்தில் இருந்த செவிலியருக்கு ஊசி போடவும் கணக்கு எழுதவும் வேலை இருந்தது. இரத்தப்போக்கு தொடங்கிய பெண்ணை அனுப்பிவைக்க, அறுவை சிகிச்சையும் இரத்தமும் உள்ள மருத்துவமனை எட்டும் தூரத்தில் இல்லை. பிரசவத்துக்குப் பின் கடுமையான இரத்தப்போக்கு ஏற்பட்ட பெண் சுமார் இரண்டு மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும் என்பதை நினைவில் கொண்டால், தூரத்தின் பொருள் புரியும்.

1992–93-இல் நடந்த முதல் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பிரசவமே மருத்துவமனையில் நடந்தது. 1997–98-இல் மகப்பேறு இறப்பு விகிதம் 398.

2005-க்குப் பிறகு இந்தியாவில் சரிவு வேகமெடுத்தது ஏன்?

அவ்வாண்டில் தேசிய ஊரக சுகாதாரத் திட்டமும், மருத்துவமனையில் பிரசவிக்கும் ஏழைப் பெண்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஜனனி சுரக்ஷா திட்டமும் தொடங்கின. கிராமச் சுகாதாரத் தொண்டர்களான ஆஷா பணியாளர்கள் கர்ப்பிணிகளை அழைத்துச் சென்றார்கள்; 108 ஆம்புலன்ஸ் பல மாநிலங்களில் வந்தது; 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவமும் அறுவை சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் கட்டணமின்றிக் கிடைக்க வழி செய்யப்பட்டது. மருத்துவமனைப் பிரசவங்கள் 2005–06-இல் 39 விழுக்காடாகவும், 2015–16-இல் 79 விழுக்காடாகவும், 2019–21-இல் 89 விழுக்காடாகவும் உயர்ந்தன. விகிதம் 2004–06-இல் 254, 2014–16-இல் 130, 2018–20-இல் 97, 2020–22-இல் 88 என்று இறங்கியது.

இவ்விரண்டு தொடர்களையும் அருகருகே வைத்து ஒன்று மற்றொன்றுக்கு முழுக்காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இதே காலத்தில் பெண்களின் கல்வி உயர்ந்தது, மணவயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, சாலைகளும் கைப்பேசியும் வந்தன. மேலும், கட்டிலும் பணியாளரும் இல்லாத மருத்துவமனைக்குப் பெண்களைக் கொண்டுவந்து சேர்ப்பதால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது. தமிழ்நாடு இதை முன்னதாகவே உணர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்களை நிறுத்தியது; அவசரப் பிரசவ சிகிச்சைக்கென மாவட்டந்தோறும் சீமாங் மையங்களை அமைத்தது. வெளிநாட்டிலிருந்து பாடம் தேடுவதற்கு முன் இந்தியா தன் தென்கோடியைப் பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

இந்தியா வேகமாகக் குறைக்கிறது என்றால், இலங்கையை முந்துகிறது என்று சொல்லலாமா?

எந்த வேகம் என்று கேட்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 2000-க்கும் 2017-க்கும் இடையில் இந்தியாவின் விகிதம் 370-இலிருந்து 145-க்கும், இலங்கையின் விகிதம் 56-இலிருந்து 36-க்கும் இறங்கின. எண்ணளவில் இந்தியா 225 குறைத்தது, இலங்கை 20 குறைத்தது. ஆண்டுச் சராசரியில் இந்தியாவின் குறைவு ஏறக்குறைய 5.5 விழுக்காடு, இலங்கையின் குறைவு 2.6 விழுக்காடு. எந்த வகையில் பார்த்தாலும் இந்தக் காலப்பகுதியில் இந்தியாவின் வேகமே அதிகம்.

ஆனால் 2000-இல் இந்தியாவின் விகிதம் இலங்கையைப் போல் 6.6 மடங்கு, 2017-இல் 4 மடங்கு. இடைவெளி சுருங்கியிருக்கிறது, மூடப்படவில்லை. அதோடு, உயரத்திலிருந்து இறங்கும்போது எளிதாகக் குறைக்கக்கூடிய இறப்புகள் நிறைய இருக்கும்: தொற்று, சிகிச்சை கிடைக்காத இரத்தப்போக்கு, தடைப்பட்ட பிரசவம். இலங்கை அவற்றைப் பெரும்பாலும் முன்பே கடந்துவிட்டது. ஆகவே ஒரே காலப்பகுதியை ஒப்பிடுவதோடு, ஒரே உயரத்தில் இருந்த காலங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இலங்கை ஐந்நூறை ஒட்டி நின்றது 1950-களில். இந்தியா நானூறை ஒட்டி நின்றது 1990-களின் இறுதியில். பின்தங்கல் நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாது.

இந்தியா முழுவதையும் ஒரே எண்ணாக வைத்து இலங்கையோடு ஒப்பிடுவது முறையா?

தேசியக் கொள்கையை மதிப்பிட முறையே. பெண்களின் உண்மை நிலையை அறிய அது போதாது. 2018–20-இல் அசாமின் விகிதம் 195, மத்தியப் பிரதேசத்தில் 173, உத்தரப் பிரதேசத்தில் 167, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இலங்கையைவிட மக்கள்தொகை கூடுதலான கேரளம், அந்தக் கணக்கின்படி இலங்கையின் நிலையிலோ அதற்குச் சற்று மேலான நிலையிலோ இருந்தது. அசாமில் ஒரு பெண் எதிர்கொள்ளும் ஆபத்து கேரளப் பெண்ணுடையதைப் போல் பத்து மடங்கு. 97 என்ற தேசிய எண்ணில் இவ்விருவரும் கரைந்துவிடுகிறார்கள்.

இங்கும் ஓர் எச்சரிக்கை. விகிதம் தாழ்வாக உள்ள மாநிலத்தில் மாதிரிக்குள் சிக்கும் இறப்புகள் மிகச் சிலவே. ஆகவே கேரளத்தின் 19-ஐ இலங்கையின் 29-க்கு அருகில் வைத்து, 10 புள்ளி வேறுபாட்டுக்குப் பெரிய விளக்கம் தேடுவது பொருத்தமாகாது. அசாமின் 195-க்கும் கேரளத்தின் 19-க்கும் உள்ள வேறுபாடு எந்த மாதிரிப் பிழையாலும் விளக்க முடியாதது.

இலங்கையின் விகிதம் ஓராண்டில் ஏறினால் நிலைமை மோசமாகிறது என்று பொருளா?

ஓராண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்று லட்சம் பிறப்புகளுக்கு 90 இறப்புகள் என்றால் விகிதம் 30. சேவையின் தரம் சிறிதும் மாறாவிட்டாலும், தற்செயலாகவே அந்த எண்ணிக்கை ஓராண்டில் 70 ஆகவும் மற்றோராண்டில் 110 ஆகவும் அமையக்கூடும். அதாவது விகிதம் 23-க்கும் 37-க்கும் இடையில் ஆடும். மூன்று நான்கு ஆண்டுகளின் சராசரியைப் பார்ப்பதே சரி. கோவிட் தாக்கிய 2021-இன் ஏற்றத்தை இந்த வகையில் சேர்க்க முடியாது. அதற்குக் கண்முன்னே காரணம் இருந்தது.

பதிவு மேம்பட்டதால் மட்டும் விகிதம் உயர்வதுண்டா?

உண்டு. அமெரிக்காவில் இறப்புச் சான்றிதழில் கர்ப்பநிலை குறித்த ஒரு தனிக் கட்டம் 2003 முதல் சேர்க்கப்பட்டு, மாநிலம் மாநிலமாகப் பல ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக அந்நாட்டின் விகிதம் உண்மையில் உயர்ந்ததைவிட அதிகமாக உயர்ந்ததுபோல் காட்சியளித்தது. ஒரு மாவட்டத்தில் தணிக்கை தொடங்கிய முதல் ஆண்டில் இறப்புகள் "கூடினால்" அங்குள்ள அதிகாரியைத் தண்டிப்பது, அடுத்த ஆண்டு இறப்புகளை மறைக்கவே வழிவகுக்கும்.

குடும்ப அளவு சிறுத்தது ஒப்பீட்டைப் பாதிக்குமா?

விகிதத்தை மறைமுகமாகவும், ஒரு பெண்ணின் வாழ்நாள் ஆபத்தை நேரடியாகவும் பாதிக்கும். 2017-க்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 290 பெண்களில் ஒருவரும், இலங்கையில் 1,300 பெண்களில் ஒருவரும் தம் வாழ்நாளில் மகப்பேறு காரணமாக இறக்கும் ஆபத்தில் இருந்தார்கள். ஐந்தாவது, ஆறாவது பிரசவங்கள் அரிதானால், மிக ஆபத்தான பிரசவங்கள் சில இயல்பாகவே மறைந்துவிடும். அதே சமயம் தாமதமாகக் கருத்தரிப்பவர்களின் பங்கு கூடினால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள கர்ப்பிணிகள் கூடுவார்கள்.

இறப்புக்கான காரணங்கள் இரு நாடுகளிலும் ஒன்றேதானா?

2003 முதல் 2009 வரையிலான உலகத் தரவின்படி இரத்தப்போக்கு 27 விழுக்காட்டுக்கும், இரத்த அழுத்தக் கோளாறுகள் 14 விழுக்காட்டுக்கும், தொற்று 11 விழுக்காட்டுக்கும் காரணமாக இருந்தன. இந்தியாவில் இன்றும் இம்மூன்றே முன்னிற்கின்றன. அவற்றுக்கு அடியில் பரவலான இரத்தச்சோகை இருக்கிறது. இலங்கையில் இரத்தப்போக்கோடு இதயநோய் முதலிய மறைமுகக் காரணங்களும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. முதல் வகைக்கு மருந்தும் இரத்தமும் நேரத்தில் கிடைக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு, கருத்தரிக்கும் முன்பே நோயைக் கண்டறிந்து, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும்.

கருக்கலைப்புச் சட்டங்களின் வேறுபாடு இதில் தெரிகிறதா?

இந்தியாவில் 1971 முதல் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு கருக்கலைப்பு சட்டபூர்வமானது. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே அதை அனுமதிக்கிறது. சட்டம் தாராளமாக உள்ள நாட்டில் விகிதம் கூடுதலாகவும், இறுக்கமாக உள்ள நாட்டில் குறைவாகவும் இருப்பதைக் காட்டி, கட்டுப்பாடு உயிரைக் காக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அது பிழையான வாதம். இலங்கையில் பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் பெண்களின் உயிரைப் பறிக்கவே செய்தது. மற்ற காரணங்கள் வெகுவாகக் குறைந்ததால்தான் மொத்த விகிதம் தாழ்ந்தது.

கர்ப்பகாலத் தற்கொலை கணக்கில் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் நேரும் தற்கொலையை நேரடி மகப்பேறு இறப்பாக வகைப்படுத்துகிறது. தெற்காசியாவில் இத்தகைய இறப்பு பெரும்பாலும் காவல்துறைக் கோப்போடு நின்றுவிடுகிறது. சுகாதாரத் துறையின் கணக்கை எட்டுவதில்லை. இருநாட்டு எண்களையும் ஒப்பிடுபவர், இவ்வகை இறப்புகள் எந்தத் தொடரில் சேர்க்கப்பட்டுள்ளன என்று தனியே பார்க்க வேண்டும்.

2030-க்கான இலக்கு இரு நாடுகளுக்கும் ஒன்றா?

ஐ.நா.வின் நிலைபேறான வளர்ச்சி இலக்குகளில், ஒரு லட்சத்துக்கு 70-க்குக் கீழே என்பது உலகச் சராசரிக்கான இலக்கு. அதை ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய எல்லையாகக் கொண்டால், இலங்கை எப்போதோ வென்றுவிட்டது என்றும், இந்தியா வெல்லும் தறுவாயில் உள்ளது என்றும் தோன்றும். நாடுகளுக்கான முதன்மை இலக்கு வேறு: 2010-இல் இருந்த விகிதத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்க வேண்டும், எந்த நாடும் 140-ஐத் தாண்டி இருக்கக் கூடாது.

மாதிரிப் பதிவு முறையின்படி இந்தியாவின் 2010–12 விகிதம் 178. அதில் மூன்றில் ஒரு பங்கு 59. ஆகவே 2020–22-இன் 88 இன்னும் ஏறத்தாழ 29 புள்ளிகள் இறங்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் அசாம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வர வேண்டிய இறக்கம். இலங்கையின் விகிதம் 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் 30-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயுமே நின்றது. அதை மூன்றில் ஒரு பங்காக்குவதற்கு, எஞ்சியுள்ள ஒவ்வொரு இறப்பிலும் இதயநோயைக் கண்டறிவதற்கு ஆன தாமதத்தையும், தோட்டப்புறத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு ஆன நேரத்தையும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.